மிச்சக் கடதாசிகள்

புதிய சீட்டுக் கடதாசிக் கட்டு ஒன்றை உடைத்தால் மார்த்தா அதை உடனே கலைக்க மாட்டாள். முதலில் முழங்கை வரை கையைக் கழுவுவாள். நண்டு வாடியில், கரையில் நண்டு தரம் பிரிக்கிற கொட்டிலில், வேலை செய்கிறவளுக்கு விரல் இடுக்குகளில் எப்போதும் உப்பும் ஈரமும் இருக்கும். அதைச் சட்டையில் துடைக்காமல், இதற்கென்றே வைத்திருக்கிற பழைய தலையணை உறை ஒன்றில் ஒற்றி எடுப்பாள். பிறகு கட்டை இடது உள்ளங்கையில் கிடத்தி, வலது பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போவாள். இரண்டு முதல் ஆறு வரையான சின்ன இலக்கங்கள் வரும்போது மட்டும் பெருவிரல் ஒரு கணம் நிற்கும். அந்தக் கடதாசி மடியில் விழும். முன்னூற்றி நாலு என்கிற சீட்டு விளையாட்டுக்கு அவை வேண்டாதவை. ஏழிலிருந்து மேலேதான் ஆட்டம். மற்றவர்கள் அந்த இருபதையும் பெட்டியோடு எறிந்துவிடுவார்கள். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போய்ச் சைக்கிள் சில்லுக் கம்பியில் செருகி, கரகரவென்று சத்தம் வர ஓடித் திரிவார்கள். மார்த்தா எறிவதில்லை. நாலு ஓரமும் தட்டிச் சமப்படுத்தி, நண்டின் கடிகாலைக் கட்டுகிற றப்பர் வளையம் ஒன்றைப் போட்டுச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

ஜெனோஜன் இதைப் பல தடவை பார்த்திருக்கிறான். ஏன் என்று கேட்டதில்லை. கேட்பது அவனுக்குக் கஷ்டம், பார்ப்பது சுலபம்.

அவன் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவன். சண்டை முடிந்து மூன்றாம் வருடம் தாயோடு மன்னாரில் உள்ள வங்காலைக்குத் திரும்பி வந்தபோது, இறந்துபோன தகப்பனின் படகு சித்தப்பா வீட்டு வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. அடியில் கோழி அடைந்திருந்தது. வெடிப்புகளை ஒட்டி, நிறம் பூசி, நிமிர்த்தி வைத்துவிட்டான். எஞ்சின்தான் இல்லை. எஞ்சின் இல்லாத படகு தண்ணீர் நிரப்பி மாட்டுக்கு வைக்கத்தான் உதவும் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். அவன் சம்மாட்டி ஒருவரின் படகில் கூலிக்குப் போய்வந்தான். விடிய வலை இழுத்து, நண்டைக் கழற்றி, வாடியில் கொண்டுவந்து கொட்டுவான். அங்கேதான் மார்த்தா பெரிது, சின்னது, சினையுள்ளது என்று தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். வயது நாற்பதுக்கு ஒன்று இரண்டு கூட இருக்கும். உயரம் குறைவு. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

சண்டைக்குப் பிறகு அந்தக் கரையில் முன்னூற்றி நாலு பிடித்த பிடி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதலில் அது காத்திருக்கிறவர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது. தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருந்தார்கள், கண்ணிவெடி எடுத்து முடியக் காத்திருந்தார்கள். முள்ளிக்குளத்துச் சனம், தங்கள் ஊரைப் பிடித்திருந்த கடற்படை உள்ளே போக விடுமா என்று மரத்தடியில் காத்திருந்தது. காத்திருக்கிற நாலு பேருக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பிறகு வீடு வந்தது, வலை வந்தது, வயல் விதைத்தார்கள். ஆனால் சாக்கு மடிக்கப்படவில்லை. விளையாட்டுக் கழகங்கள் அதைப் போட்டியாக்கின. நானாட்டானில் ஒரு சுற்று, மன்னார் பஸாரில் ஒரு சுற்று என்று வளர்ந்து, வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள் கிண்ணமும் ரீசேட்டும் அனுப்பத் தொடங்கினார்கள். கைத்தொலைபேசியிலும் அந்த ஆட்டம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகிற பெடியன் கனடாவில் இருக்கிற மச்சானோடு சேர்ந்து, நோர்வேயில் இருக்கிற ஒருவனின் கடதாசியை வெட்டிக்கொண்டிருப்பான்.

அந்த வருடத் தேவாலயப் பெருநாளுக்கு வங்காலைக் கழகம் ஒட்டிய அறிவித்தலை ஜெனோஜன் நின்று இரண்டு தடவை வாசித்தான். முதற்பரிசு, லண்டன் அன்பர்கள் வழங்கும் படகு எஞ்சின், பதினைந்து குதிரைவலு.

அவனுக்கு ஆட்டம் தெரியும். அதைவிட நன்றாக வேறொன்றும் தெரியும் என்று நினைத்திருந்தான். முகாமில் இருந்த கடைசி வருடங்களில் தொலைபேசியில் போக்கர் விளையாடிப் பழகியவன் அவன். காசு வைத்தல்ல, காசுக்குப் பதிலாகத் திரையில் கொடுக்கிற பொய்ச் சில்லுகளை வைத்து. பெரிய போட்டிகளின் காணொளிகளையும் இருந்து பார்ப்பான். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் ஒரு மேசையைச் சுற்றிக் கல்லுப்போல இருப்பார்கள். அதில் அவன் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: உன் கையில் என்ன இருக்கிறது என்பது பெரிதல்ல, எதிரில் இருக்கிறவன் எதற்குப் பயப்படுகிறான் என்று பார். தொடக்கச் சுற்றுகளில் அடங்கி இரு, சில்லைக் காப்பாற்று. மற்றவன் களைக்கிற நேரம் பார்த்து, ஒன்றும் இல்லாத கையிலும் எல்லாம் இருக்கிறவன்போல ஏறி அடி. கூச்சக்காரனுக்கு இது வாய்த்த விளையாட்டு. வாய் திறக்காமலே பொய் சொல்லலாம்.

ஆனால் முன்னூற்றி நாலுக்குக் கூட்டாளி வேண்டும். எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. கூட விளையாடிவந்த சுபாஸ்கரன் கட்டாருக்குப் போய்விட்டான். வாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மார்த்தா விளையாடுவதை ஜெனோஜன் கனகாலமாகக் கவனித்திருந்தான். தோற்றவர்கள் காதில் றப்பர் வளையம் மாட்டிக்கொண்டு பின்னேரம் வரை வேலை செய்யவேண்டும் என்பது வாடியின் சட்டம். மார்த்தாவின் காதில் அவன் வளையத்தைக் கண்டது குறைவு.

ஒரு நாள் நண்டைக் கொட்டிவிட்டுப் போகாமல் நின்றான்.

"என்னடா தம்பி, தராசு பிழையோ?"

"இல்லையக்கா."

"பிறகேன் நிக்கிறாய்?"

"பெருநாள் போட்டிக்கு... ஆரும் உங்களைக் கேட்டவையோ?"

மார்த்தா ஒரு நண்டைத் திருப்பி அடிவயிற்றைப் பார்த்துவிட்டு எறிந்தாள். "என்னை ஆர் கேக்கிறது? எஞ்சின் வேணுமோ உனக்கு?"

"ஓம்."

"எஞ்சினை வெட்டிப் பாதி தர ஏலாது. வெண்டால், லோறன்ஸை உன்ர படகிலை ஏத்திக்கொண்டு போவியோ? மனுசன் கரையிலை நிண்டு என்ர உசிரை வாங்குது."

லோறன்ஸ் அவளுடைய கணவன். சமையலில் கெட்டிக்காரன், ஆனால் எந்தச் சம்மாட்டியோடும் ஒரு மாதத்துக்கு மேல் ஒத்துப்போகாதவன். ஜெனோஜன் தலையாட்டினான். உடன்படிக்கை அவ்வளவுதான்.

பழகத் தொடங்கிய முதல் கிழமையிலேயே அவன் தன் வித்தையைக் காட்டினான். முன்னூற்றி நாலில் முதல் நாலு கடதாசி வந்ததும் கேள்வி தொடங்கும். இத்தனை புள்ளி எடுப்போம் என்று கூடக் கேட்கிறவன்தான் துரும்பு வைப்பான், அதாவது மற்ற மூன்று இனத்தையும் வெட்டுகிற இனம் எது என்று தீர்மானிப்பான். ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, இராசாவுக்கும் இராணிக்கும் ஏதோ சில்லறை. எட்டும் ஏழும் வெறும் பூச்சியம். ஓர் இனத்துக்குள் ஒன்றையொன்று வெல்கிற வரிசையும் இதுதான். ஜெனோஜனின் கையில் அன்று பூச்சியங்கள்தான் இருந்தன. இருந்தும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு இருநூறு கேட்டான். எதிர்ப்பக்கத்து வாடிக்காரர் இருவரும் பயந்து விட்டுக்கொடுத்தார்கள். அவன் உள்ளுக்குள் சிரித்தான். ஆட்டம் தொடங்கியதும் மார்த்தா தன்னிடமிருந்த பெரிய கடதாசிகளை ஒவ்வொன்றாக அவனை நம்பி இறக்கினாள். ஒவ்வொன்றும் வெட்டுப்பட்டுப் போனது. அவளுடைய ஜாக்கியைக்கூட எதிரியே வாரிக்கொண்டான்.

அன்று இருவர் காதிலும் வளையம். மார்த்தா கோபிக்கவில்லை. நண்டுப் பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்ன கை வச்சிருந்தனீ?"

"ஒண்டுமில்லை அக்கா. அவை பயப்பிடட்டும் எண்டு..."

"அவை ஏன் பயப்பிட வேணும்? அவையளுக்கு ஒரு நட்டமும் இல்லையே. நீ அவையை ஏமாத்தேல்லை தம்பி. என்னைத்தான் ஏமாத்தினனீ."

அந்த ஒரு வசனம் அவனுக்குள் நெடுநாள் கிடந்தது. போக்கரில் மேசையில் எத்தனை பேர் இருந்தாலும் நீ தனி ஆள். இங்கே நீ சொல்கிற ஒவ்வொரு பொய்யும் எதிரே இருக்கிற உன் ஆளின் காதிலும் விழும். அதற்குப் பிறகு கேள்வியில் பொய் சொல்வதை விட்டுவிட்டான். முகம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அதை விட அவனால் முடியவில்லை. யார் துரும்பு வைத்திருந்தால் மூக்கைச் சொறிகிறார், யார் கை சரியில்லாவிட்டால் பீடி தேடுகிறார் என்றெல்லாம் மனதில் குறித்து வைத்தான். மார்த்தா ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை. விழுகிற கடதாசியை மட்டும், வலையில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறவள்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெயர் பதியப் போனபோது கழகச் செயலாளர் நீக்கிலாஸ் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மார்த்தா, இது ஆம்பிளையளின்ர போட்டியெல்லே."

"அறிவித்தலிலை எங்கை போட்டிருக்கு?"

"போடத் தேவையில்லை. வழமை."

"ஜோடி எண்டு போட்டிருக்கிறியள். போன வருசம் வெண்டவை ரெண்டு பேரும் மீசையோடை நிக்கினம் படத்திலை. அதைவிட நாங்கள் பறவாயில்லை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நீக்கிலாஸும் சிரிக்கவேண்டியதாயிற்று. எழுதிக்கொண்டார்.

போட்டி பாடசாலை மண்டபத்தில் நடந்தது. வாங்குகளை ஓரம் கட்டி, மேசைகளைச் சுற்றிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சோடிக்கும் பத்துச் சிப்பி. ஆட்டம் தோற்கத் தோற்கச் சிப்பியை நடுவர் பெட்டியில் போடவேண்டும். சிப்பி முடிந்தவர்கள் எழும்பிவிடவேண்டும். ஆட்டத்துக்கு நடுவில் கூட்டாளிகள் ஒரு சொல் கதைக்கக்கூடாது, கண் காட்டக்கூடாது, செருமக்கூடாது. போன வருடம் ஒருவர் உண்மையாகவே இருமி, அதனால் ஆட்டத்தை இழந்த கதை உண்டு.

முதற் சுற்றில் எதிரே வந்தவர்கள் மார்த்தாவைக் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அக்கா, நண்டு பிரிக்கிறமாதிரி இல்லை இது" என்று ஒருவர் சொன்னார். மார்த்தா, "ஓம், நண்டெண்டால் கடிக்கும்" என்றாள். அரைமணித்தியாலத்தில் அவர்கள் சிப்பியைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அடுத்த சுற்றுகளிலும் அப்படித்தான். அவள் வெல்கிற விதத்தில் பகட்டு இல்லை. ஜாக்கியை மேசையில் ஓங்கி அடிக்கிற பழக்கம் அந்தக் கரையில் எல்லோருக்கும் உண்டு. அவள் ஜாக்கியையும் ஏழையும் ஒரே மாதிரித்தான் வைப்பாள், தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிறதுபோல. மத்தியானத்துக்குள் அவர்களுடைய மேசையைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. லோறன்ஸ் வீட்டிலிருந்து சோறும் நண்டுக் கறியும் கட்டிக்கொண்டு வந்து, "என்ர மனிசி, என்ர மனிசி" என்று வழி விலக்கிக்கொண்டு நுழைந்தான்.

பின்னேரம் இறுதி ஆட்டம். எதிரே நானாட்டானிலிருந்து வந்த சிவராசாவும் மன்னார் பஸாரில் மணிக்கூடு திருத்துகிற அலியாரும். சிவராசா உழவு மெசின் வைத்திருக்கிறவர், ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படித்தான். அலியார் மெலிந்தவர், மெதுவாகக் கதைப்பார். இரண்டு வருடமாகக் கிண்ணம் அவர்கள் கையில்தான்.

"தங்கச்சி, எஞ்சின் எனக்கென்னத்துக்கு?" என்றார் சிவராசா, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டே. "வயலுக்கை ஓடப்போறனோ? ஆனாலும் விடமாட்டன்."

"விட வேண்டாம் அண்ணை. நாங்கள் எடுக்கிறம்."

அலியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டு பக்கத்துச் சிப்பிகளும் குறைந்துகொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கத்திலும் மிஞ்சியது ஒவ்வொரு சிப்பிதான் என்கிற நிலைமை வந்தது. அடுத்த ஆட்டத்தில் வென்றவருக்கு எஞ்சின். ஜெனோஜனின் கண்ணுக்குள் வேலியோரத்துப் படகு வந்து நின்றது.

சிவராசா இருநூறு கேட்டார். அவர் கவிழ்த்து வைத்த துரும்பு, கறுப்பு இலை போட்ட ஸ்கோப்பன் இனம் என்பது கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது. அவரை இருநூறுக்குக் கீழே நிறுத்தினால் போதும். அதற்கு மார்த்தாவும் ஜெனோஜனும் நூற்றி ஐந்து புள்ளி சேர்க்கவேண்டும். ஜெனோஜன் சிவராசாவின் முகத்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை. காலையிலிருந்து, தங்கள் ஆட்டங்களுக்கு இடையில் சிவராசாவின் மேசைக்குப் போய் நின்று, அவன் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். கையில் துரும்பு இருக்கும்போது சிவராசா இடது கையால் சட்டைக் கொலரை ஒருக்கால் நீவிவிடுவார். மூன்று ஆட்டத்தில் சரிபார்த்தாயிற்று. பிழைத்ததில்லை.

சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இனம் ஏற்கெனவே ஒரு சுற்று வந்து, மார்த்தா தன் ஜாக்கியால் அதை வென்றிருந்தாள். ஜெனோஜனிடம் தொடக்கத்திலிருந்தே ஆட்டின் இல்லை. இப்போது சிவராசா ஆட்டின் ஒன்பதை இறக்கினார். அதற்கு மேலே இனி ஒன்றுமில்லை, இந்தப் பிடியில் விழுகிற நாலு கடதாசியும் அவருக்குத்தான். மார்த்தா சற்றும் யோசிக்காமல் ஆட்டின் இராசாவை வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தோற்கிற பிடிக்கு இராசாவைக் கொடுப்பதென்றால், கையில் அந்த இனத்தில் வேறு ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். எட்டோ ஏழோ இருந்தால் அதையல்லவா போட்டிருப்பாள்? ஜெனோஜனும் அப்படித்தான் நினைத்தான். மூன்று புள்ளி போய்விட்டதே என்று புழுங்கினான். அலியார் தன் பத்தை அதே பிடியில் சேர்த்துவிட்டு, தலையை மெல்ல ஆட்டினார்.

அடுத்ததாகச் சிவராசா துரும்பு இறக்கினார். அலியாரிடம் துரும்பு முடிந்திருந்தது. கையிலிருந்த ஆட்டின் இராணியை இனி யாருக்காகக் காப்பாற்றுவது என்பதுபோலச் சுழற்றி வீசினார். ஆட்டின் இனம் தீர்ந்துபோனது என்றே அந்த மேசையில் இருந்த மூன்று பேரும் எடுத்துக்கொண்டார்கள். சின்னக் கடதாசி எது போயிற்று, எது போகவில்லை என்று யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அதற்கடுத்த பிடியைக் கறுப்பு மூவிலை போட்ட கலாவரை ஜாக்கியால் மார்த்தா வென்றாள். இனி ஒவ்வொருவர் கையிலும் இரண்டே இரண்டு கடதாசி. ஜெனோஜனிடம் சிவப்பு டயமன் போட்ட ரூவிதன் ஜாக்கியும் ரூவிதன் ஏழும். ஒன்று முப்பது புள்ளி, மற்றது பூச்சியம். வந்த புள்ளிகளை மனதில் கூட்டிப் பார்த்தான். அந்த ஜாக்கி அவர்கள் பக்கம் விழுந்தால் நூற்றி ஐந்து தாண்டும். எதிர்ப்பக்கம் போனால் எல்லாம் முடிந்தது.

மார்த்தா ஒரு கடதாசியை மெல்ல வைத்தாள். ஆட்டின் எட்டு.

அலியாரின் புருவம் உயர்ந்து அப்படியே நின்றது. அவரிடம் இப்போது ஆட்டின் இல்லை, எதையோ போட்டார். அடுத்தது ஜெனோஜனின் முறை. அவனுக்குப் பிறகு கடைசியாகச் சிவராசா.

எட்டை வெல்ல இனி ஆட்டினில் யாரிடமும் ஒன்றுமில்லை. ஆனால் சிவராசாவிடம் துரும்பு ஒன்று மிஞ்சியிருந்தால் அதை வெட்டிவிடுவார். ஜாக்கியும் அதோடு போகும். எட்டுத் துரும்பும் விழுந்துவிட்டனவா? ஜெனோஜன் எண்ணிப் பார்த்தான். ஏழு வரை வந்தது. எட்டாவது? இராசா விழுந்தபோது அவன் போன மூன்று புள்ளியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குப் பிறகு சிவராசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் எண்ணிக்கை அறுந்துபோயிருந்தது. எவ்வளவு தேடியும் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். சிவராசா சாய்ந்து இருந்தார். இடது கை மேலே போயிற்று. கொலரை ஒருக்கால் நீவிவிட்டார்.

துரும்பு இருக்கிறது. ஏழைப் போடு, ஜாக்கியைக் கடைசிப் பிடிக்கு வைத்துக்கொள், என்று அவன் கற்ற வித்தையெல்லாம் ஒரே குரலில் சொல்லிற்று. ஏழில் விரலையும் வைத்துவிட்டான். அப்போது கண் தற்செயலாக மேசையில் கிடந்த எட்டில் விழுந்தது.

இந்த எட்டு எங்கிருந்து வந்தது? இராசாவைப் போட்டபோது இது அவள் கையில் இருந்திருக்கிறது. எட்டைப் போட்டு இராசாவைக் காப்பாற்றாமல், இராசாவைக் கொடுத்து எட்டை வைத்திருந்திருக்கிறாள். தன்னிடம் ஆட்டின் தீர்ந்தது என்று மூன்று பேரையும் நம்பவைத்திருக்கிறாள். அதை நம்பித்தான் அலியார் இராணியை வீசினார். இராசாவையே விலையாகக் கொடுத்து ஒரு எட்டை வளர்த்தவள், அதைக் கொண்டுவந்து துரும்பின் வாயில் போடுவாளா? தனக்கு மறந்துபோன எட்டாவது துரும்பு அவளுக்கும் மறந்திருக்குமா?

அவன் மார்த்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அதில் ஒன்றும் எழுதியிருக்காது. ரூவிதன் ஜாக்கியை உருவி, எட்டுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தான்.

சிவராசா கையிலிருந்த இரண்டையும் திறந்தே போட்டார். துரும்பு இல்லை.

அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது ஜெனோஜனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. லோறன்ஸ் வந்து அவனைத் தூக்க முயன்று முடியாமல் விட்டது ஞாபகம் இருக்கிறது. சிவராசா மேசைக்கு மேலால் கை நீட்டினார்.

"தம்பி, விடியத் தொடக்கம் நீர் என்ர மூஞ்சையையே பாத்துக்கொண்டிருந்தனீர். எனக்கே வெக்கமாப் போச்சு. சரி, பாக்கிறவருக்கு ஒரு படமாவது காட்டுவம் எண்டு கொலரைத் தடவினனான். நல்லா நம்பினனீர். கடைசியிலை ஏன் நம்பேல்லை?"

ஜெனோஜன் மேசையைக் காட்டினான். "எட்டு" என்றான்.

அலியார் எட்டைக் கையில் எடுத்து, மணிக்கூட்டுச் சில்லைப் பார்க்கிறதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருசமா விளையாடுறன் பிள்ளை" என்றார் மார்த்தாவிடம். "இதுக்கு ஆர் பெறுமதி குடுத்தது? இராணியை எறிஞ்சது என்ர பிழை இல்லை. என்னை எறியப் பண்ணினது நீங்கள்."

மார்த்தாவின் தோள் குலுங்கியது. "வெய்யில் சாயுது. நண்டுக்கு ஐஸ் போடவேணும், நான் போறன்" என்றாள். போகிறபோது ஜெனோஜனிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: "ஏழிலை விரல் வச்சனீ. கண்டனான்."

முகம் பார்க்காதவள் என்று அவன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான்.

எஞ்சின் பூட்டிய படகு அந்த வாரமே கடலில் இறங்கியது. சொன்ன சொல்லின்படி லோறன்ஸ் கூட வந்தான். ஒரு மாதம் கடந்தும் சண்டை பிடிக்காமல் நிற்பது இந்தப் படகில்தான் என்று ஊர் வியந்தது. மார்த்தா அடுத்த வருடமும் விளையாடினாள், அதற்கடுத்த வருடமும். ஒருமுறை கிண்ணம் திரும்ப நானாட்டானுக்குப் போயிற்று, ஒருமுறை மீண்டும் வந்தது. அறிவித்தலில் 'ஆண், பெண் இருபாலாரும்' என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. மற்ற ஊர்களிலிருந்து வருகிற சோடிகள், வங்காலையில் ஒரு மனிசி சின்னக் கடதாசியெல்லாம் எண்ணி வைத்திருக்கிறாளாம், கவனம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஜெனோஜன் கறுப்புக் கண்ணாடிக்காரர்களின் காணொளிகளை இப்போதும் பார்ப்பதுண்டு. ஆனால் இப்போது முகங்களைப் பார்ப்பது குறைந்து, விழுகிற கடதாசியைப் பார்ப்பது கூடியிருந்தது.

ஒரு நாள் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகு இறங்கவில்லை. அவனும் லோறன்ஸும் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நெடுநாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்று கேட்டான்.

"லோறன்சண்ணை, அக்கா உந்த ரெண்டு, மூண்டு, நாலெல்லாம் சேத்துக்கொண்டு போறாவே. என்ன செய்யிறவ?"

லோறன்ஸ் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தான். "உனக்குத் தெரியாதோ? அவள் சொல்லமாட்டாள்."

அவன் சொன்னது இதுதான். சண்டை முடிந்து, இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது அவர்களுடைய வரிசைக் கூடாரங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கடதாசிக் கட்டுத்தான் இருந்தது. ஆம்பிளைகள் ஏழிலிருந்து மேலே எடுத்துக்கொண்டு முன்னூற்றி நாலு விளையாடப் போய்விட்டார்கள். எறிந்த இருபதையும் பெண்கள் பொறுக்கினார்கள். நாலு பேர், ஆளுக்கு ஐந்து. ஜாக்கியும் இல்லை, இராசாவும் இல்லை. இருக்கிறதை வைத்துத் தாங்களே ஒரு ஆட்டம் கட்டினார்கள். ஆறுதான் பெரிது; ஆனால் ஆறை இரண்டு வெட்டும். அதனால் ஒரு சின்னக் கடதாசியைக்கூட மறக்க முடியாது. தண்ணீர் வரிசையில் நிற்கும்போதும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு விளையாடுவார்கள். அதற்கு 'மிச்சம்' என்று பெயர்.

"என்ர மனிசி ஜாக்கியைக் கையிலை பிடிச்சதே ஊருக்கு வந்தாப்பிறகுதான்" என்றான் லோறன்ஸ். "அந்தச் சனம் இப்பவும் விளையாடுதுகள். ஞாயிறு பூசை முடிய, அதிலை ஒருத்தி மதலேனா, அவளின்ர குசினிக்குப் பின்னாலை. கடதாசி கிழியக் கிழிய இவள்தான் புதுசு கொண்டுபோய்க் குடுக்கிறது."

"அங்கையும் அக்காதான் வெல்லுறவவோ?"

லோறன்ஸ் ஊசியை வாயிலிருந்து எடுத்தான்.

"இவளோ? அங்கை இவள் நாலாவது. மதலேனா, பிறகு யசோதா, பிறகு கண் தெரியாத மேரி ரோஸ் இருக்கிறாளே, அவளின்ர மகள். எத்தினையோ வருசமா இவள் விளையாடுறாள், ஒருநாளும் மதலேனாவை வெண்டதில்லை."